பயன்படுத்திய மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்தல்

புதிய மடிக்கணினி வாங்கப் பணம் போதாத குடும்பங்களும் மாணவர்களும் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட மடிக்கணினிகளை நாடுவது வழக்கம். நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழிக்கும் கணினிகள் பழுதுபார்க்கப்பட்டு, 'ரீஃபர்பிஷ்டு' என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. குறைந்த விலையில் நல்ல கணினி கிடைக்க இது ஒரு வழி. ஆனால் மாதிரியைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் சேமித்த பணம் வீணாகும்.

தேவையை வரையறுத்தல்

முதலில் தீர்மானிக்க வேண்டியது கணினியில் எந்த மென்பொருள் இயங்க வேண்டும் என்பதே. தட்டச்சு, இணைய வகுப்பு, மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு எளிய கணினியே போதும். டேலி பிரைம் போன்ற கணக்கியல் மென்பொருளுக்கு விண்டோஸ் இயங்குதளம் தேவை. பொறியியல் வரைபடம், காணொளித் தொகுப்பு ஆகியவற்றுக்கு வலுவான செயலியும் கூடுதல் நினைவகமும் வேண்டும்.

செயலியும் தலைமுறையும்

கணினியில் ஒட்டப்பட்டுள்ள 'ஐ5', 'ஐ7' என்ற முத்திரையை மட்டும் நம்பக்கூடாது. இன்டெல் கோர் செயலிகளில் சிறுகோட்டுக்குப் பின் வரும் எண்ணே தலைமுறையைக் காட்டும். ஐ7-7500யூ ஏழாம் தலைமுறை. ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை. ஐ5-1135ஜி7 போன்ற பெயர்களில் சிறுகோட்டுக்குப் பின் வரும் முதல் இரு இலக்கங்கள் (11) தலைமுறையைக் குறிக்கும். மேற்கண்ட ஐ7 செயலியில் 2 கோர்கள் மட்டுமே உள்ளன. ஐ5 செயலியில் 4 உள்ளன. எனவே பெயரில் பெரியது திறனிலும் பெரியதாக இருக்க வேண்டியதில்லை.

தலைமுறை முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம் ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். சில விதிவிலக்குகளைத் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகள் அதன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. மிக மலிவாகக் கிடைக்கும் கணினிகள் பல இந்த எல்லைக்கு வெளியே உள்ளவை. பாதுகாப்பு இற்றைப்படுத்தல் வராத கணினியில் வங்கிப் பணிகளைச் செய்வது ஆபத்தானது.

அத்தகைய பழைய கணினியில் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளங்களை நிறுவலாம். இவற்றில் தமிழ்த் தட்டச்சும் லிப்ரே ஆபிஸும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

நினைவகமும் சேமிப்பகமும்

4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 இயங்கும் என்றாலும், ஒரே நேரத்தில் பல பக்கங்களைத் திறந்தால் தடுமாறும். 8 ஜிபி நடைமுறைக்கு ஏற்றது. சில மாதிரிகளில் ரேம் தாய்ப்பலகையுடன் பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட இயலாமல் போகலாம். சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி இருந்தால் கணினி தொடங்கும் நேரம் வெகுவாகக் குறையும். வன்தட்டு உள்ள கணினியானால், எஸ்எஸ்டி மாற்றும் செலவையும் விலையுடன் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

* மின்கலம்: விண்டோஸ் தரும் மின்கல அறிக்கையில் வடிவமைப்புக் கொள்ளளவையும் தற்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிட வேண்டும். 40,000 என்பது 20,000 ஆகக் குறைந்திருந்தால், புதிதாக இருந்தபோது கிடைத்த நேரத்தில் ஏறத்தாழப் பாதியே கிடைக்கும்.
* விசைப்பலகை, திரை: ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பார்க்க வேண்டும். வெண்ணிறப் பின்புலத்தில் திரையில் கறை, கோடு உள்ளனவா எனக் கவனிக்க வேண்டும்.
* கடவுச்சொல்: முந்தைய நிறுவனத்தின் பயாஸ் கடவுச்சொல் நீக்கப்பட்டிருக்க வேண்டும்.
* இணைப்புகள்: வைஃபை, ஒலிபெருக்கி, நிழற்படக்கருவி, யூஎஸ்பி துளைகள், மின்னேற்றி.
* பற்றுச்சீட்டு: கணினியின் தொடர் எண்ணும் உத்தரவாதக் காலமும் குறிக்கப்பட்ட பற்றுச்சீட்டைப் பெற வேண்டும். திருட்டுப் பொருளை வாங்கிவிடாமல் இருக்கவும் இது உதவும்.

மின்கலம், எஸ்எஸ்டி, ரேம் ஆகியவற்றை மாற்றும் செலவையும் சேர்த்தால் மொத்தத் தொகை புதிய எளிய மாதிரியின் விலையை நெருங்குமானால், முழு உத்தரவாதத்துடன் வரும் புதிய கணினியே சிக்கனமானது.