செயற்றிட்ட அறிக்கை எழுதும் முறை

கணினிக் கல்வி பயிலும் மாணாக்கர் பலர், மென்பொருளொன்றை ஆக்குதற்குப் பல மாதங்களைச் செலவிடுவர். அதன் அறிக்கையை எழுதுதற்கோ இரண்டோர் இரவுகளையே ஒதுக்குவர். செய்நிரல் செவ்வனே இயங்கும்போது அறிக்கை எப்படியிருந்தால் என்ன என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதற்கு வரலாற்றிலே தக்க சான்றொன்று உண்டு.

1996ஆம் ஆண்டு யூன் மாதம் 4ஆம் திகதி, ஐரோப்பிய நாடுகளின் 'ஏரியன் 5' ரொக்கெட்டு, பிரெஞ்சுக் கயானாவிலிருந்து தன் முதற்பயணத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 40 விநாடிகளில் வானிலேயே சிதறிற்று. முந்திய 'ஏரியன் 4'இற்கென எழுதிய செய்நிரற் பகுதியொன்று புதியதிலும் எடுத்தாளப்பட்டிருந்தது. பெரியதோர் எண்ணை 16 பிற்று இடத்துள் அடக்க அது முயன்றபோது எண் அடங்கவில்லை. அவ்வெண் அவ்வளவு பெருகாது என்ற எடுகோள் பழைய ரொக்கெட்டுக்குப் பொருந்தியதே. ஆயின், அதற்கான நியாயம் செய்நிரலில் எழுதப்படாது, பெருந்தொகையான ஆவணங்களிடையே மறைந்து கிடந்தது என்று விசாரணைச் சபை கண்டது. எழுத வேண்டியதை உரிய இடத்தில் எழுதாமை எத்தகைய இழப்பைத் தரும் என்பதை இதனால் அறியலாம்.

இனி, அறிக்கையின் ஒழுங்கை நோக்குவோம். பாடசாலை நூலகத்துக்கு ஒரு மென்பொருள் ஆக்கியதாகக் கொள்க. தலைப்புப் பக்கம், பொழிப்பு, உள்ளடக்கம் என்பன முதலில் வரும். பொழிப்பு முன்னே நிற்பினும் அதனை இறுதியிலேயே எழுதுதல் நன்று. வேலை முடியுமுன் அதன் சாரத்தை யார் அறிவார்? அறிமுகத்தில் நூலகர் இதுகாறும் பட்ட இடரைக் கூறுக. அடுத்த அத்தியாயத்தில் மென்பொருள் நிறைவேற்ற வேண்டிய தேவைகளை இலக்கமிட்டு நிரைப்படுத்துக. ஒருவர் ஒரு வேளையில் இரண்டு நூல்களையே பெறலாம் என்பது போன்ற எடுகோள்களையும் அங்கேயே தனியாகக் குறிப்பிடுக. வடிவமைப்பு, செயலாக்கம், சோதனை, முடிவுரை, உசாத்துணை, பின்னிணைப்பு என்பன முறையே தொடரும்.

தேவைகளுக்கு இட்ட இலக்கங்களையே சோதனை அட்டவணையிலும் இடுதல் வேண்டும். அப்போது எத்தேவை சோதிக்கப்பட்டது, எது விடுபட்டது என்பது பரீட்சகருக்கு ஒரு நோக்கில் புலனாகும். தவறிய சோதனைகளை மறைத்தல் ஆகாது. அவற்றை எழுதித் திருத்திய வழியையும் காட்டுவதே அறிவியல் நேர்மை. செய்நிரல் முழுவதையும் அறிக்கையின் நடுவே கொட்டிப் பக்கங்களைப் பெருக்குதலும் வேண்டா. விளக்கத்துக்கு வேண்டிய சில வரிகள் போதும். எஞ்சியவை பின்னிணைப்பைச் சேரட்டும்.

புறத்தோற்றமும் புறக்கணிக்கத்தக்கதன்று. முன்பக்கங்களுக்குச் சிறு உரோம இலக்கங்களும், அறிமுகம் முதலாக 1, 2, 3 என்பனவும் இடுவது வழக்கம். படத்துக்குக் கீழும் அட்டவணைக்கு மேலும் இலக்கமும் பெயரும் இருத்தல் நன்று. தலைப்புக்களைக் கையால் பெருப்பித்துக் கறுப்பாக்காது, எழுதும் மென்பொருளிலுள்ள தலைப்பு நிலைகளாக அமைத்தால், உள்ளடக்கப் பட்டியலைக் கணினியே ஆக்கித் தரும். பக்கம் மாறினும் அதனைப் புதுப்பித்துக் கொள்ளலாம். தமிழில் எழுதுவோர் பாமினி போன்ற எழுத்துருக்களைத் தவிர்த்து யுனிகோட்டில் எழுதுக. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே பாமினியில் எழுதியது ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும்.

அறிக்கை முற்றுப்பெற்றதா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு. அதனைக் கீழ்வகுப்பு மாணவர் ஒருவரிடம் கொடுங்கள். உங்களை ஒரு வார்த்தையும் வினவாது, அம்மென்பொருளை நிறுவி இயக்கவும், அதிற் புதியதொன்றைச் சேர்க்கவும் அவரால் இயலுமாயின், உங்கள் உழைப்பு உங்களோடு முடிந்துவிடாது. அடுத்து வருவோர்க்கும் பயன்படும்.