புல் எவ்வாறு எடையாகிறது?

மாடு வைக்கோலைத் தின்று உயிர் வாழ்கிறது. அதே வைக்கோலை நாம் தின்றால் நமக்கு ஆற்றல் ஏதும் கிடைப்பதில்லை. இத்தனைக்கும் வைக்கோலில் உள்ள செல்லுலோஸ், அரிசியில் உள்ள ஸ்டார்ச் ஆகிய இரண்டும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகளே. கோத்திருக்கும் முறையில்தான் வேறுபாடு. செல்லுலோஸ் சங்கிலியை அறுக்கும் நொதி நம் உடலில் இல்லை. மாட்டின் உடலிலும் இல்லை! அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடம் இருக்கிறது.

அப்படியானால், புல்லை மட்டும் தின்று ஒரு மாடு ஒரு பருவத்தில் எவ்வளவு எடை கூடும்? அதற்கு எவ்வளவு சூரிய ஒளி செலவாகிறது? இந்த வரவு செலவுக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஏற்ற இடம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது.

சிக்கிமுக்கிக் குன்றுகள்

கான்சாஸ் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ‘ஃபிளின்ட் ஹில்ஸ்’ என்னும் குன்றுகள் உள்ளன. சிக்கிமுக்கிக் குன்றுகள் என்பது இதன் பொருள். இங்கே சிறிதளவு மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புக் கல்லும் சிக்கிமுக்கிக் கல்லும் வந்துவிடும், ஏர் இறங்காது. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் 17 கோடி ஏக்கர் பரவியிருந்த உயர்புல் வெளியில் இன்று எஞ்சியிருப்பது 4 சதவீதத்திற்கும் குறைவு. அதில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. உழ முடியாத காரணத்தால் புல் பிழைத்தது.

இறைச்சிக்காக வளர்க்கப்படும் காயடித்த இளங்காளைகளை இளவேனிலில் இங்கே கொண்டுவந்து மேயவிடுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டெக்சாஸிலிருந்து இரயிலில் வந்தன. இன்று லாரிகளில் வருகின்றன. வழக்கமான முறையில் ஒரு காளைக்கு ஏறத்தாழ 4 ஏக்கர் புல்வெளி, 5 மாத மேய்ச்சல்.

ஆற்றல் கணக்கு

இனிக் கணக்கிற்கு வருவோம். எண்கள் யாவும் தோராயமானவை.

4 ஏக்கர் என்பது சுமார் 16,000 சதுர மீட்டர். அங்கே ஒரு சதுர மீட்டரில் ஓராண்டில் விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 6,000 மெகாஜூல். அதைக் கொண்டு விளையும் புல், உலர்ந்த எடையில் 400 கிராம். அதில் அடங்கிய ஆற்றல் 7 மெகாஜூல். அதாவது, விழுந்த ஒளியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் மேய்ச்சலுக்குரிய புல்லாகிறது.

ஒரு காளை நாளொன்றுக்கு உலர்ந்த எடையில் 7 கிலோவுக்குச் சற்று அதிகமான புல்லைத் தின்னும். 150 நாட்களில் சுமார் 1,100 கிலோ. அதன் உடலில் கூடும் எடையோ ஏறத்தாழ 100 கிலோ!

மீதி எங்கே போயிற்று? தின்ற புல்லின் ஆற்றலை 100 பங்கு என்று கொள்வோம். சுமார் 40 பங்கு சாணமாகவும், 4 பங்கு சிறுநீரிலும் வெளியேறுகிறது. நடப்பது, மெல்வது, மூச்சு விடுவது, உடலை 39 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருப்பது ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 44 பங்கு செலவாகி வெப்பமாகிறது. 6 பங்கு மீத்தேன் வாயுவாக வாய்வழி ஏப்பமாகப் போகிறது. எஞ்சிய 6 பங்குதான் உடலில் சேர்கிறது.

தொடக்கத்திலிருந்து கூட்டிப் பார்த்தால், அந்த நிலத்தில் ஓராண்டில் விழுந்த சூரிய ஆற்றலில் ஏறத்தாழ 80,000இல் ஒரு பங்கே சந்தைக்குச் செல்லும் எடையாகிறது.

வயிற்றுக்குள் ஒரு தொழிற்சாலை

மாட்டின் முதல் இரைப்பை ஒரு பெரிய நொதிகலம். அதிலுள்ள நீர்மத்தின் ஒரு மில்லிலிட்டரில் சுமார் ஆயிரம் கோடி பாக்டீரியங்கள் இருக்கின்றன. இவை செல்லுலோஸை உடைத்து அசெட்டிக் அமிலம் முதலிய அமிலங்களை உண்டாக்குகின்றன. மாட்டுக்கு உணவு அந்த அமிலங்களே. இவ்வேலையில் விளையும் ஹைட்ரஜனை வேறு சில நுண்ணுயிர்கள் மீத்தேனாக மாற்றுகின்றன. உடலில் சேர்ந்த ஆற்றலும் மீத்தேனாக வீணான ஆற்றலும் ஏறத்தாழச் சமமாக இருப்பதைக் கவனித்தீர்களா? இது வெறும் நட்டமன்று. நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு.

நாள் பார்த்து வெளியேற்றுதல்

பாக்டீரியங்கள் பெருக நைட்ரஜன் வேண்டும். அது புல்லின் புரதத்திலிருந்து கிடைக்கிறது. மே, ஜூன் மாதங்களில் இலை இளசாக இருக்கும், புரதம் மிகுதி. ஜூலைக்குப் பின் புல் தண்டு விட்டுப் பூக்கத் தொடங்கும், லிக்னின் ஏறும், புரதம் குறையும். அது 7 சதவீதத்திற்குக் கீழே இறங்கினால் பாக்டீரியங்களின் வேலை மந்தமாகிவிடுகிறது. புல் கண்முன் ஆளுயரம் நிற்கும்; காளையோ எடை கூடாது.

கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1970களில் இதற்கொரு வழியைச் சோதித்தனர். காளைக்கு 2 ஏக்கர் வீதம் இரு மடங்கு காளைகளை விட்டு, ஜூலை நடுவில் எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுவது! தின்ற புல்லின் அளவு ஏறத்தாழ அதேதான். ஆனால் இளம்புல்லில் ஒரு காளை நாளொன்றுக்கு 0.9 கிலோ அளவுக்கு எடை கூடுகிறது. 75 நாளில் இரண்டு காளைகளுக்குமாக 135 கிலோ. 100 கிலோ தந்த அதே 4 ஏக்கர்தான் இதையும் தருகிறது.

இதில் வெளியேற்றும் தேதிதான் முக்கியம். ஜூலை நடுவிலிருந்து உறைபனி விழும்வரை புல் மீண்டும் இலைவிட்டு, ஒளியை வாங்கி, அடுத்த இளவேனிலுக்கான மாவுப்பொருளை வேரில் சேமிக்கிறது. “இன்னும் ஒரு மாதம் நிற்கட்டுமே” என்று இரு மடங்கு மந்தையை விட்டுவைத்தால், காளை தின்பது அடுத்த ஆண்டின் புல்லை. வேர் வறியதானால் நல்ல புல் போய்க் களை வரும். களை வந்தபின் மண்ணும் நிற்காது.

இக்குன்றுகளை விட்டபின் பெரும்பாலான காளைகள் தொழுவங்களில் அடைக்கப்பட்டு, நான்கு முதல் ஆறு மாதங்கள் தானியத்தால் கொழுக்கவைக்கப்படுகின்றன. அங்கே அவை தின்பது நாமும் உண்ணக்கூடிய தானியம். குன்றுகளில் தின்றதோ நாம் உண்ண முடியாத புல். விளைந்ததோ உழ முடியாத நிலத்தில். கால்நடை உணவு பற்றிய விவாதங்களில் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

சந்தைத் தராசு காட்டுவது காளையின் எடையை மட்டுமே. மண்ணுக்கடியில் வேரில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அது காட்டாது. அந்தக் கணக்கையும் சேர்த்து எழுதுபவரின் புல்வெளியே அடுத்த ஆண்டும் தளிர்க்கும்.