காரைக்காலுக்குப் பொது சைக்கிள் வந்தால் எந்த முறை சரிப்படும்?

காரைக்கால் பேருந்து நிலையத்தில் இறங்கிக் கடற்கரைக்குப் போகணும். நடந்தால் தூரம், ஆட்டோ என்றால் காசு. மேடே இல்லாத டெல்டா ஊருக்கு சைக்கிள் போதும். பொது சைக்கிள் என்பது பழைய மணி வாடகைக் கடைதான். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நிலையத்திலேயே பூட்ட வேண்டியது ஒரு வகை. 2017 ஜூனில் மைசூருவில் தொடங்கிய ‘ட்ரின் ட்ரின்’ அப்படி: 48 நிலையங்கள், சுமார் 450 சைக்கிள்கள். நிலையம் அமைக்க முதலிலேயே செலவு.

எங்கும் விட்டுப் போகலாம் என்பது இன்னொன்று. செல்போனில் பூட்டு திறக்கும். மலிவுதான், ஆனா தெருவெல்லாம் சைக்கிள் கிடக்கும். கோவையில் இப்படி இறக்கிய சீன நிறுவனம் ‘ஓஃபோ’, 2018-லேயே இந்தியாவை விட்டுக் கிளம்பிவிட்டது. முதலீடு நின்றால் சைக்கிளும் நிற்கும்.

எந்த வகையானாலும் காரைக்காலுக்குச் சிக்கல் சனிக்கிழமைதான். சுமார் 5 கி.மீ. தள்ளியுள்ள திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்குக் காலையில் எல்லாரும் ஓட்டிப்போனால், காரைக்கால் நிலையம் காலி. வேனில் ஏற்றித் திருப்பணும். அதற்கு டீசல், ஆள் கூலி. பாரிஸின் ‘வெலிப்’ இதற்கு ஒரு வழி கண்டது: மேட்டு நிலையங்களில் கொண்டுவிட்டால் கூடுதல் நிமிடங்கள் இலவசம். இங்கே மேடு இல்லை. திருநள்ளாறிலிருந்து திருப்பி ஓட்டிவருபவருக்கு அதே சலுகையைத் தரலாம்.