இடையில் நிறுத்தக்கூடாத குளிசை: மலையகப் பெண்களும் தமொக்ஸிபெனும்

மார்பகப் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை முடிந்து, மருந்து ஏற்றுவதும் முடிந்து, தலைமுடி மறுபடி வளரத் தொடங்கும் நேரத்தில் பல பெண்களுக்கு ஒரு சிறிய குளிசை கொடுக்கப்படுகிறது. பெயர் தமொக்ஸிபென். வழக்கமாக நாளுக்கு 20 மில்லிகிராம், பொதுவாக ஐந்து வருடங்கள், சிலருக்குப் பத்து. வலிக்குப் போடும் குளிசையைப் போல போட்ட அன்றே பலன் தெரியாது. அதனாலேயே இதைக் கைவிடுவது சுலபமாகிவிடுகிறது.

பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ உள்ள ஒரு தோட்டத்திலிருந்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போக, இருட்டோடு பஸ் ஏறி கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்க வேண்டும். அன்றைய பெயர் போய்விடும். துணைக்குப் போகிறவரின் பெயரும் போய்விடும். உடம்பில் ஒரு தொல்லையும் இல்லாதபோது, ஒரு குளிசைக்காக இவ்வளவு செலவா என்ற கேள்வி வீட்டில் எழுவது இயல்புதான்.

அதற்கான பதில் இது. சில மார்பகப் புற்றுநோய்க் கலங்கள் பெண் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரஜனைப் பற்றிக்கொண்டே வளர்கின்றன. ஈஸ்ட்ரஜன் வந்து அமரும் இடத்தில் தமொக்ஸிபென் முந்திப் போய் அமர்ந்துகொள்கிறது. இவ்வகைப் புற்றுநோய் உள்ள பெண்கள் ஐந்து வருடம் இதை எடுத்தபோது, முதல் 15 வருடங்களில் அந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்ததை 2011 இல் வெளியான பெரிய பகுப்பாய்வு காட்டியது. எல்லா மார்பகப் புற்றுநோயும் இவ்வகை அல்ல. ஆகவே பக்கத்து லயத்து அக்காவின் குளிசை நமக்குப் பொருந்தாது.

இந்த மருந்து 1960களில் இங்கிலாந்தில் கர்ப்பத்தடை மருந்தாகவே உருவாக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. அதில் அது தோற்றது. சில பெண்களில் கருமுட்டை வெளிவருவதை அது தூண்டியது. இளம் பெண்களுக்கு இது முக்கியமான செய்தி. குளிசை எடுக்கும்போது மாதவிடாய் நின்றாலும் கர்ப்பம் தரிக்கலாம். அந்தக் குழந்தைக்கு மருந்தால் பாதிப்பு வரலாம். கர்ப்பத்தடை அவசியம். ஆனால் ஹோர்மோன் உள்ள குளிசையோ ஊசியோ கூடாது. ஆணுறை, செப்பு லூப் போன்றவை பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். குழந்தை வேண்டுமென்றால், எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும்.

நுவரெலியாக் குளிரிலும் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். வெள்ளைபடுதல் கூடலாம். தொல்லைதான், ஆனால் பொதுவாக ஆபத்தில்லை. தணிக்க வழிகள் உண்டு. ஆபத்தானவை வேறு. இம்மருந்து இரத்தம் உறையும் வாய்ப்பைச் சிறிதளவு கூட்டுகிறது. நாள் முழுக்க மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிப்பவருக்குக் கால்கடுப்பு புதிதல்ல. மாலையில் இரண்டு காலும் வீங்குவதும் புதிதல்ல. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, முகம் கோணுதல், பேச்சுக் குழறல் என்றால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். நீண்ட பஸ் பயணத்தில் கெண்டைக்காலை அசைத்துக்கொண்டிருப்பதும், பஸ் நிற்குமிடத்தில் இறங்கி நடப்பதும் நல்லது.

மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் சொல்ல வேண்டும். அரிதாகக் கர்ப்பப்பையில் புற்றுநோய் வரலாம். ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தலாம். ஆண் வைத்தியரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினால் தாதியிடம் சொல்லுங்கள்.

1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பின்னர் போரையும் கண்டன. அந்த இழப்புகளோடு மனநல கிளினிக்குக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் புளுஒக்சற்றீன், பரொக்சற்றீன் ஆகியவை தமொக்ஸிபெனை உடல் பயன்படுத்தும் விதத்தைக் குறுக்கிட்டு அதன் பலனைக் குறைக்கக்கூடும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இரண்டு கிளினிக் கொப்பிகளையும் இரண்டு வைத்தியர்களுக்கும் காட்டினால் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்பவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தமொக்ஸிபென் 10 மில்லிகிராமிலும் 20 மில்லிகிராமிலும் வருகிறது. கடந்தமுறை ஒன்று போட்டவருக்கு இம்முறை இரண்டு தேவைப்படலாம். அதை விளக்கும் குறிப்பு அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் என்ன செய்வார்? தமிழ் 1987 இலேயே அரசகரும மொழியாகிவிட்டது; மருந்து உறைக்கு அது இன்னும் ஒழுங்காக வந்து சேரவில்லை. இதை மொழி உரிமைப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறோம். மருந்துப் பாதுகாப்புப் பிரச்சினையும் இதுதான். இப்போதைக்கு, மருந்து கொடுக்குமிடத்திலேயே கேட்டு, எத்தனை, எப்போது என்று உறையில் தமிழில் எழுதிவிடுங்கள். படிக்கும் பிள்ளை ஒன்று கூட வந்தால் போதும்.

மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வந்ததும் போடலாம். மறுநாளாகிவிட்டால் இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது. லயத்து அறையின் ஈரமும் அடுப்புப் புகையும் படாமல் மூடியுள்ள டப்பாவில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

2022 நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளில் புற்றுநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்தது. கையில் இரண்டு கிழமைக்கு இருக்கும்போதே அடுத்ததைத் தேடத் தொடங்குவது நல்லது. மஹரகமவுக்குப் போக முடியவில்லையென்றால் கண்டி அல்லது பதுளையிலுள்ள புற்றுநோய்ப் பிரிவுக்குக் கிளினிக்கை மாற்றித்தர முடியுமா என்று கேட்கலாம்.