டிராக்டருக்குக் குளிரா, உப்பா?

மார்கழி விடியலில், நவரைப் பட்டத்துக்குச் சேடை ஓட்டப் புறப்படும் நேரத்தில் பழைய டிராக்டர் மக்கர் செய்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். மீஞ்சூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் இதற்கு வழி கேட்டார். கனடாவில் டிராக்டர் என்ஜினுக்கு மின்சார ஹீட்டர் பொருத்துகிறார்களாம். அங்கிருக்கும் அவருடைய மகன் ஊருக்கு வரும்போது ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்டாராம். வாங்கலாமா?

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரி என்று போகும் நாட்டில் இரும்பு பிளாக் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். எனவே பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்ட மூடியை (கோர் பிளக்) கழற்றி, அந்தத் துளையில் ஹீட்டரைச் செருகி, என்ஜினில் உள்ள தண்ணீரை இரவு முழுதும் சூடாக வைக்கிறார்கள்.

எண்ணூர், திருவொற்றியூர், மீஞ்சூர் வட்டாரத்தில் ஜனவரி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். இதில் கிளம்பாத டிராக்டருக்குக் குளிர் மேல் பழி போட வேண்டாம். பாட்டரி, டீசல் பைப்பில் காற்று, தேய்ந்த ரிங் ஆகியவற்றைப் பாருங்கள். செம்பியத்து சிம்சன் என்ஜின் பூட்டிய பழைய மாஸி பெர்கூசன் வண்டிகள் பலவற்றில் தெர்மோஸ்டார்ட் என்ற சிறு சாதனம் உண்டு. சாவியைச் சூடாக்கும் நிலையில் 15, 20 விநாடி பிடித்தால், உறிஞ்சு குழாயில் சிறிது டீசல் எரிந்து காற்று சூடாகும். ஒயர் அறுந்து பல வண்டிகளில் இது சும்மா கிடக்கிறது. அதைச் சரி செய்யாமல், ஏர் கிளீனர் முன்னால் எரியும் துணியைக் காட்டுகிறார்கள். தீக்கங்கு உள்ளே போனால் செலவு யாருக்கு?

நமது வட்டாரத்தின் உண்மையான தொல்லை உப்பு. மீஞ்சூர் நிலத்தடி நீரை நகரத்துக்கும் எண்ணூர், மணலி ஆலைகளுக்கும் இறைத்து இறைத்து, கடல்நீர் உள்ளே புகுந்தது. 1969-இல் சுமார் 3 கிலோமீட்டர் வரை வந்திருந்த உப்புநீர், பிறகு இன்னும் பல கிலோமீட்டர் உள்ளே நகர்ந்தது. பயிருக்கு ஆகாத அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடத்தில் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றுகிறோம்! வார்ப்பிரும்பு பிளாக்கும் பித்தளை ரேடியேட்டரும் உப்புநீரில் சேர்ந்தால் பாட்டரி போல வேலை செய்து இரும்பு அரிக்கும். முதலில் ஓட்டையாவது கனடாக்காரர் ஹீட்டர் செருகும் அதே மெல்லிய மூடிதான். உள்ளே சுண்ணாம்புப் படிவமும் சேர, என்ஜின் கொதிக்கிறது.

கொதித்ததும் மெக்கானிக்குகள் சிலர் செய்யும் முதல் காரியம், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. இது தவறு. அந்த வால்வு ஏறத்தாழ 80 டிகிரி வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் என்ஜினைச் சீக்கிரம் சூடேற்றுகிறது. அது இல்லாவிட்டால் வெகுநேரம் குளிர்ந்தே ஓடி, டீசல் அதிகம் குடித்து, லைனர் தேயும். தேய்ந்த என்ஜின் மார்கழியில் எப்படிக் கிளம்பும்? வால்வின் மேல் சந்தேகமிருந்தால், நூல் கட்டி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். கொதிக்கும் முன் திறந்தால் நல்லது. திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

தண்ணீர் மாற்றும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். ரேடியேட்டர் குழாயைத் திறந்தால் மட்டும் போதாது. பிளாக்கில் உள்ள வடிகுழாயையும் திறக்காவிட்டால் பழைய உப்பு அங்கேயே நிற்கும். தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவுங்கள். பிறகு பாட்டரிக்கு ஊற்றும் சுத்த நீருடன் கூலண்டைச் சரிபாதி கலந்து ஊற்றலாம். இது துருவைத் தடுக்கும். கொதிநிலையும் சற்று உயரும். மழைநீரும் ஆகும். ஆனால் ஆலைப் புகை படியும் எண்ணூர்ப் பக்கம், முதல் மழையில் கூரை கழுவப்பட்ட பின்பே பிடிக்க வேண்டும். வயலில் கொதித்து நின்றால் உடனே மூடியைத் திறப்பதும், பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் ஆபத்து, ஹெட் வெடித்துவிடும்.

கடற்காற்று வெளியிலிருந்தும் அரிக்கிறது. வாரம் ஒருமுறை ரேடியேட்டர் தகடுகளை என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கும்.