வயல் கருவியின் செய்தி விட்டுப்போகிறதா?

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்ட, வயலின் நீர்மட்டத்தைக் கம்பியின்றி அறிவிக்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. திருவள்ளூரை அடுத்த மணவாள நகர் போன்று தொழிற்கூடங்களும் வயல்களும் அருகருகே உள்ள இடங்களில் இவற்றைப் பொருத்துவோர், செய்தி வழியில் தொலைவதைக் கவனிக்க வேண்டும். 2005-ல் நெதர்லாந்தில் உருளைக்கிழங்கு வயலில் சுமார் 100 கருவிகளை நட்டுச் சோதித்தபோது, 2 சதவீதச் செய்திகளே வந்து சேர்ந்தன. மென்பொருள் குறைகள் அதற்கு முக்கிய காரணம்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

15 நிமிடத்துக்கு ஒரு செய்தி என்றால் நாளொன்றுக்கு 96 வர வேண்டும். 72 வந்தால் கால் பங்கு இழப்பு. எந்தக் கருவியிலிருந்து, எந்த நேரத்தில் வரவில்லை என்று ஒரு வாரம் குறித்து வந்தால் காரணம் புலப்படும்.

காரணமும் பரிகாரமும்

1. எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் நின்றால், பழுது வீட்டிலோ மோட்டார் அறையிலோ உள்ள வாங்கும் கருவியில் இருக்கலாம். அதன் மின்சாரத்தையும் இணைய இணைப்பையும் பார்க்கவும்.

2. ஒரு கருவி மட்டும் விடியற்காலையில் நின்று, வெயில் ஏறியதும் பேசினால் பாட்டரி பலவீனம். சூரியத் தகட்டைத் துடைக்கவும். ஐப்பசி, கார்த்திகை மூடாக்கு நாட்களில் செய்தி அனுப்பும் இடைவெளியைக் கூட்டவும்.

3. பயிர் வளர வளர இழப்பு கூடினால், ஈர இலைகள் அலையை உறிஞ்சுகின்றன. கதிர் வரும் உயரத்துக்கும் மேலாக ஏரியலை நிமிர்த்திக் கட்டவும். இரும்புத் தகட்டுக் கொட்டகை குறுக்கே இருந்தால் இடத்தை மாற்றவும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட, உரிமம் தேவையில்லாத 865 மெகாஹெர்ட்ஸ் பகுதி அலை பயிரினூடே நன்கு செல்லும்.

4. பல கருவிகள் ஒரே நொடியில் அனுப்பினால் செய்திகள் மோதி அழியும். நேரத்தைச் சில நொடிகள் தள்ளித் தள்ளி அமைக்கும்படி விற்பனையாளரிடம் கேட்கவும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும் வசதியும் தேவை.

எச்சரிக்கை

செய்தி வராததை 'வயலில் நீர் இருக்கிறது' என்று கொள்ளக் கூடாது. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து வைக்கவும். நீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்சலாம். பூக்கும் தருணத்தில் மட்டும் காய விடாமல் வயலில் 5 செ.மீ. நீர் நிறுத்த வேண்டும். அப்போது நீர் குறைந்தால் பதர் மிகும். ஆகவே அந்த நாட்களில் கருவி பேசினாலும் பேசாவிட்டாலும் வரப்பில் ஒரு நடை போய் வருவது நல்லது.