முஹல்லாவின் காவல்



கொடைக்கானலையடுத்த பள்ளங்கி, தோட்டங்களும் தங்கும் விடுதிகளும் கலந்த மலைக் கிராமம். போதைக் காளானையும் கஞ்சாவையும் நாடி அம்மலைக்கு வருவோர் உண்டென்பதும், அவர்களிற் சிலர் அவ்வப்போது பிடிபடுவதும் தாங்கள் நாளேடுகளில் படித்த செய்திகளே. வாங்க வருபவன் வெளியூரான். வழிகாட்டவும் பொட்டலம் சுமக்கவும் அவனுக்கு வேண்டுவதோ, ஒற்றையடிப் பாதையெல்லாம் அறிந்த உள்ளூர்ச் சிறுவன். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைக்கு நூறு ரூபாய் பெரிய பணமல்லவா?

இத்தகைய நிலையில் ஊரார் செய்யத்தக்கது யாது? கம்பெடுத்துக் காவலுக்குக் கிளம்புவோம் என்று இளைஞர் சிலர் துடிப்பர். அந்த வழியைத் தமிழகம் ஏற்கெனவே நடந்து பார்த்திருக்கிறது. 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் பிரதீப் வி. பிலிப் என்னும் காவல் அதிகாரி 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். பொதுமக்களையும் காவலரையும் நண்பராக்கும் நல்ல நோக்கமே அது. மாநிலமெங்கும் பரவவும் செய்தது. ஆயினும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு மாண்டபோது, அவ்வியக்கத் தொண்டர்கள் மீதும் புகார் எழுந்தது. மறுமாதமே அரசு அதனைத் தடை செய்தது. அதிகாரத்தின் நிழலில் நிற்பவனுக்குத் தானே அதிகாரி என்ற மயக்கம் எத்தனை விரைவில் வந்துவிடுகிறது!

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவின் வீதிகளைச் சுற்றி வந்ததை நம் இல்லங்களில் அறியாதார் இலர். அவ்வுலாவைப் பற்றி இன்னொரு நிகழ்ச்சியும் சொல்லப்படுவதுண்டு. ஒரு வீட்டினுள் எழுந்த ஓசையைக் கேட்டுக் கலீஃபா அவர்கள் சுவரேறி உள்ளே இறங்கினார்கள். அங்கே பாவத்தில் இருந்த மனிதனோ, தான் செய்தது ஒரு குற்றமென்றும், துருவி ஆராய்ந்தது, வாயில் வழியே வராதது, அனுமதியும் ஸலாமுமின்றி நுழைந்தது என்று கலீஃபா செய்தவை மூன்றென்றும் கூறினான். பேரரசை ஆண்ட அப்பெருமகனார் அவனைத் தண்டியாது திரும்பினார்கள். ஊர்க்காவலுக்கு எல்லை வகுக்க இதனினும் சிறந்த நிகழ்ச்சியை யான் அறியேன்.

நாட்டின் சட்டமும் சிறாரிடத்து இரக்கத்தோடேயே பேசுகிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். 18 வயது நிரம்பாதவனை லாக்கப்பில் அடைத்தல் ஆகாது. 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்த வேண்டும். சிறுவனைப் போதைப்பொருள் சுமக்கவோ விற்கவோ ஏவியவனுக்கு ஏழாண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஏவியவனைப் பற்றித் தகவல் தருவதற்கு யாரும் சுவரேற வேண்டியதில்லை. பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தோன்றினால் 1098 என்ற எண்ணுக்கு அழைத்தாலே போதும்.

நம் மக்களில் பலர், பிள்ளை பிடிபட்டால் வெளியே தெரியாமல் மூடுவதையே மானமென்று எண்ணுகின்றனர். மூடிய வீட்டில் அவன் திருந்துவதில்லை. ஏவியவன் மட்டும் தப்பி, அடுத்த தெருவில் வேறொரு பிள்ளையைத் தேடுகிறான்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். முஹல்லாவில் எவ்வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்திற்குச் செல்வதை நிறுத்தியிருக்கிறான் என்பது தங்களுக்குத் தெரியுமா? அடுத்த கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பதற்கு முன்பாக அக்கணக்கை எடுங்கள். பிறகு அவன் வீட்டிற்குச் சென்று, வாயிலில் நின்று ஸலாம் கூறி, அவன் தாயாரிடம் காரணம் கேளுங்கள்.